இடையருக்கு மைசூர்ப் பருப்புக் கன்னம்

தேங்காய் உடைக்கத் தெரிந்த ஆளை எங்கும் கூட்டிப்போகலாம். ஆனால் அவன் பையைச் சோதிக்காமல் கூட்டிப்போகக் கூடாது. இந்த உண்மையை என் பெரியம்மாவின் மகன் குகன் அண்ணை இங்கிலாந்தில் வைத்துக் கற்றுக்கொண்டார். கற்பித்தவன் அடியேன்.

அப்போது நான் பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஆவணித் தேருக்கு அந்தத் தெருவில் சிதறுதேங்காய் அடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. நான் ஒரு தேங்காயை எறிந்தால் அதன் குடும்பமே சிதறும். வேடிக்கை பார்க்கும் வெள்ளைக்காரர்கள் கைதட்டுவார்கள். (மனிதனைக் கெடுக்கக் கைதட்டல் போதும், சாராயம் தேவையில்லை.)

2012இல் குகன் அண்ணை இங்கிலாந்தில், மனிதரைவிடச் செம்மறிகள் அதிகமாக வாழும் ஒரு சின்னக் கிராமத்தில் கடை எடுத்தார். ஊருக்கு அது ஒன்றுதான் கடை. ஆனாலும் சனம் அதன் வாசலைக் கடந்து, காரில் ஏறி, தூரத்துப் பட்டணத்துக்குப் போய்ப் பாண் வாங்கியது. அண்ணை தொலைபேசியில் கிட்டத்தட்ட அழுதார்.

"கிணத்துத் திருநாள் வருகுதடா. நீயும் மனிசியும் வாங்கோ. நாலு பேரோடை சிரிச்சுக் கதைச்சால் ஊர் எங்களைச் சேர்க்கும். இல்லாட்டிக் கடையைப் பூட்டிப்போட்டு வெளிக்கிட வேண்டியதுதான்."

போனோம். பையில், அவர் கடை வாசலில் கண்ணூறு கழிக்க லா சப்பல் தேங்காய் ஒன்று. காரில் அண்ணை திருநாளின் விவரமெல்லாம் சொன்னாராம். நான் நல்ல நித்திரை.

இறங்கிப் பார்த்தால் நடு ஊரில் ஒரு பழைய கிணறு. பக்கத்தில் ஆளுயரப் பலகையில், ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒரு இடையரின் படம், முழுக்கப் பூவாலேயே. வாத்தியக்காரர் ஒரு பக்கம், தட்டுத்தட்டாகப் பலகாரம் மறுபக்கம். பாதிரியார் கிணற்றுக்குத் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்தார். இதற்கு மேல் எனக்கு யார் விளக்கம் சொல்ல வேண்டும்? சப்பாத்தைக் கழற்றினேன்.

மனைவி வசந்திக்கு விளங்கிவிட்டது. "இஞ்சேருங்கோ, சும்மா நில்லுங்கோ."

"சாமிக்கு முன்னாலை வெறுங்கையோடை நிக்கிறதே?"

பாதிரியார் "ஆமென்" என்றார். எல்லோரும் தலை குனிந்தார்கள். நான் தேங்காயைத் தலைக்கு மேலே தூக்கி, கிணற்றுக் கட்டில் என் முழுப் பலத்தோடும் எறிந்தேன்.

வெடித்த சத்தத்துக்கு நாய்கள் குரைத்தன. ஒரு சிரட்டைத் துண்டு பறந்துபோய் இடையரின் நெற்றியில் பட்டது. அவர் முகம் முழுவதும், அவசரமே இல்லாமல், மெல்ல வழுக்கி நிலத்தில் விழுந்தது.

பிறகுதான் அறிந்தேன். தண்ணீர் தந்த கிணற்றுக்கு நன்றி சொல்ல அந்த ஊர் தலைமுறை தலைமுறையாகச் செய்யும் வேலை அது. பலகையில் ஈரக் களிமண் அப்பி, இதழ் இதழாக, விதை விதையாக, ஊரே கூடியிருந்து பதிப்பார்களாம்.

பாதிரியாரின் கண்ணாடியில் தேங்காய்த் தண்ணீர் வடிந்தது. மன்னிப்புக் கேட்க எனக்கு வந்த ஒரே வார்த்தை, பிரெஞ்சில், "பர்தோன்". வசந்தி என்னை அறியாதவள்போல் பலகாரத் தட்டுப் பக்கம் நகர்ந்தாள்.

"என்னடா செய்துபோட்டாய்!" என்று குகன் அண்ணை பல்லைக் கடித்தார்.

பூவேலைக்குத் தலைவியான மார்கரெட் என்ற முதிய அம்மையார் அண்ணையிடம் வந்து, என்ன நடந்தது என்று கேட்டார். பெரிய மரியாதைக்குத்தான் நாங்கள் இப்படிச் செய்வோம் என்று அண்ணை ஒருவழியாகச் சொன்னார்.

மார்கரெட் முகமில்லாத இடையரைப் பார்த்தார். "அப்படியானால் அவமரியாதைக்கு என்ன செய்வீர்கள்?"

முதலில் சிரித்தவர் பாதிரியார்தான். ஆனால் சிரிப்பால் முகம் முளைக்குமா? பூக்களும் தீர்ந்துவிட்டன, அயலூர்ச் சனம் படம் பார்க்க வரும் நேரம். எனக்கு நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்றிருந்தது. ஒரு கடை என்னால் மூடப்படப்போகிறது.

அப்போது வசந்தி கேட்டாள்: "அண்ணை, கடையிலை மைசூர்ப் பருப்பு இருக்கோ?"

மார்கரெட் பருப்பை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். தாவரத்தில் விளைந்தது எதுவும் ஆகுமாம். அவ்வளவுதான், இதுவரை எட்டிப் பார்க்காத ஊர் அண்ணையின் கடைக்குள் முட்டி மோதியது. கன்னத்துக்குச் செம்மஞ்சள் பருப்பு, கண்ணுக்குக் கடுகு, புருவத்துக்கு மிளகு, தாடிக்குக் கொத்தமல்லி. எனக்கும் மார்கரெட் ஒரு வேலை தந்தார்: தூரத்துக் கதிரையில் இருக்க வேண்டும், எதையும் தொடக் கூடாது.

புது முகம் நன்றாகத்தான் வந்தது. குகன் அண்ணையின் அப்பாவின் சாயல் மட்டும் கொஞ்சம் அடித்தது. அவரும் கடைசிவரை அப்படித்தான், யாரோ தலையில் அடித்ததுபோல் பார்ப்பார்.

அந்தக் கடை இன்றும் இருக்கிறது. அந்தக் கிராமம் இப்போது மைசூர்ப் பருப்பைக் கறியாகவும் சமைக்கிறது. வெளிக்கிடும்போது மார்கரெட் என் கையைப் பிடித்துக்கொண்டு, பள்ளியில் படித்த பிரெஞ்சைத் தேடியெடுத்துச் சொன்னார்: அடுத்த வருடமும் வாருங்கள், "சான் கொக்கோ". தேங்காய் இல்லாமல். காரில் ஏறியதும் நான் அழுதுவிட்டேன், வெட்கத்தாலா நிம்மதியாலா என்று தெரியாது.

இப்போது நாங்கள் லா சப்பலை விட்டு, ஓல்னே என்ற புறநகரில் இருக்கிறோம். அதன் பிறகு பிறந்த என் மகளுக்குத் தமிழில் கேள்வி கேட்டால் பிரெஞ்சில்தான் பதில் வரும். ஆனால் நான் கலியாண வீட்டுக்கோ, மெரி என்கிற நகரசபைக்கோ, அவளுடைய பள்ளிக்கூடத்துக்கோ வெளிக்கிட்டால் கதவில் மறித்துக்கொண்டு நிற்பாள்.

"பப்பா, சான் கொக்கோ?"

நான் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் படி இறங்குவேன்.