முன்கதவு வழியே வந்த நர்ஸ்

பார்லோ கோவ், நியூஃபவுண்ட்லாந்து
ஏப்ரல், ஞாயிறு. காற்று தென்மேற்கு.

அன்பும் பிடிவாதமும் நிறைந்த மகள் கிளெண்டாவுக்கு (பிடிவாதம் உன் அம்மா வழி), அப்பா ஆம்புரோஸ் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, அடுப்பு, படகு எல்லோரும் சுகம். அங்கே ஆல்பர்ட்டாவில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க ஆண்டவன் கண் திறக்கட்டும்.

நீ அன்றைக்குப் போனில் கத்தியது போன் இல்லாமலே கேட்டிருக்கும். "அப்பா, ஒண்ணு கவர்மென்ட் அனுப்புற ஆளை வீட்டுக்குள்ள விடுங்க, இல்லேன்னா அம்மாவை டவுன் முதியோர் இல்லத்துல சேர்க்கணும்" என்றாய். அங்கே அவளுக்கு மட்டும்தான் கட்டிலாம், எனக்கு இல்லையாம், நான் திடகாத்திரமானவனாம். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் சொன்னபடி கேட்காமல் போனவளை, இத்தனை காலம் என் பக்கத்திலேயே படுத்தவளை, தனியாக அனுப்ப நான் என்ன கிறுக்கனா? அதனால்தான் சரி என்றேன். எனக்கு உதவி வேண்டும் என்று இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

எங்களைப் பார்த்து எடைபோட ரோண்டா என்று ஒரு நர்ஸ் வந்தாள். வந்தவள் என்ன செய்தாள் தெரியுமா, முன்கதவைத் தட்டினாள்! இந்த ஊரில் கதவைத் தட்டுகிறவன் எவன்? சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து டீ இருக்கா என்று கேட்பதல்லவா முறை? முன்கதவு பாதிரியாருக்கும் சவப்பெட்டிக்கும். உன் அம்மா முகம் வெளுத்து "யாருய்யா செத்துட்டாங்க?" என்றாள். பெயின்ட் அப்பி ஒட்டிப்போன கதவை நான் உள்ளேயிருந்து இழுக்க, அவள் வெளியேயிருந்து தள்ள, கடைசியில் கதவும் நர்ஸும் என் மேலே வந்து விழுந்தார்கள். சரி, முன்கதவு வழியாக வந்தவளை முன்னறையில்தானே உட்கார வைக்கணும்? முன்னறை என்றால் நல்ல பீங்கான், பேக்ஆப்பிள் பழ ஜாம், நல்ல வார்த்தை. அங்கே உட்கார்ந்துகொண்டு மூத்திரம், குளியல் என்று எவன் பேசுவான்? "அம்மா தானாவே குளிக்கிறாங்களா?" என்றாள். "ராணி மாதிரி" என்றேன். "சமையல்?" "நீங்க தின்னுட்டிருக்கிற ரொட்டியைக் கேளுங்க." ரொட்டி பக்கத்து வீட்டு மார்ஜரி சுட்டது, அதை எதுக்குச் சொல்லணும்? "மாடிப்படி?" "ஆட்டுக்குட்டி தோத்துடும்." உன் அம்மாவும் லேசுப்பட்டவளா, மடியில் பின்னல் ஊசியை வைத்துக்கொண்டு சீமாட்டி மாதிரி சிரித்தாள். அத்தோடு விட்டேனா, நர்ஸ் காரில் ஏறும்போது அவள் கண் முன்னாலேயே கோடாரியை எடுத்து நாலு கட்டை பிளந்து காட்டினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்தபடியே வழியனுப்பினேன். மரியாதை என்று நினைத்திருப்பாள்.

பதில் வந்தது: உதவி பெறத் தகுதியில்லை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கடையில் எல்லாரிடமும் நீட்டினேன், "கவர்மென்டே சொல்லிடுச்சு, எங்களுக்கு ஒரு குறையும் இல்லைன்னு." மார்ஜரிதான் வாங்கிப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அட மடையா, உன் பொண்டாட்டி எஃபியை இல்லத்துக்கு அனுப்புற சீட்டைக் கொடியாட்டம் தூக்கிட்டுத் திரியிறியே!"

அவள் சொல்லி ஒரு வாரம் ஆகவில்லை. குளிப்பாட்டும்போது உன் அம்மா வழுக்கினாள், பிடிக்கப் போன நானும் விழுந்தேன். நான் எழுந்துவிட்டேன். அவளைத் தூக்க முடியவில்லை, கிளெண்டா. காட் மீன் நிறைந்த வலையை ஒற்றை ஆளாகப் படகுக்குள் இழுத்தவன் நான், அவள் எடை என்ன எடை, முடியவில்லை. போர்வையை இழுத்து அவளுக்குப் போர்த்திவிட்டு, குளியலறைத் தரையிலேயே பக்கத்தில் படுத்துக்கொண்டேன். மார்ஜரி தன் ரொட்டித் தட்டைத் திருப்பி வாங்க வருகிற வரைக்கும் அப்படியே கிடந்தோம். நடுவில் உன் அம்மா, "உன் வீறாப்பு என்னைத் தூக்காதுய்யா" என்றாள். அதட்டிச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள். பயந்துபோனேன், மகளே.

மறுநாள் நானே ஆபீசுக்குப் போன் போட்டேன். ரோண்டா திரும்ப வந்தாள். இந்தத் தடவை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் முன்னே சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு, பூட்ஸைக் கழற்றிவிட்டு, காலுறையோடு நிற்கிறாள். "டீ இருக்கா, பெரியவரே?"

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"தெரியாம என்ன? ஆபீஸ் சட்டம்னு போன தடவை அந்தக் கதவைத் தட்டிட்டேன். எங்க ஊர்லயும் முன்னறையில உக்காந்து எவனும் நிஜம் பேசமாட்டான்."

கழுவாத கோப்பைகளை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். யார் குளிப்பாட்டுகிறது என்று கேட்டாள். உன் அம்மா என்னையே பார்த்தாள். நான்தான் என்றேன். "முடியுதா?" என்றாள்.

"முடியல" என்றேன்.

அவ்வளவுதான். புயலில் படகைக் கரை சேர்த்த நாளில்கூட எனக்கு அப்படி மூச்சு வாங்கியதில்லை. உன் அம்மா நல்ல கையால் மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள். கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் கிள்ளுவாளே, அந்தக் கிள்ளு. உனக்குத் தெரியாது.

இப்போது ஷெரில் என்று ஒரு பெண் காலையில் வருகிறாள், குளிப்பாட்டுகிறாள், தலை சீவி விடுகிறாள், ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பற்றிப் பேசிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இல்லத்துப் பட்டியலில் இருந்து உன் அம்மா பெயரை அடித்துவிடு, அவள் எங்கேயும் போகப்போவதில்லை. அவளை இங்கேயே இருத்தியது நான், ஒரே வார்த்தையில். இந்தக் கரையில் என் வயசுக்காரன் எவனாவது அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறானா, விசாரித்துப் பார். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

உன் வலை காலியாக வராமல் இருக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பு, அவருடைய வலிக்கிற முழங்காலுக்கு அம்மாவின் ஆசி.

உன் அப்பா,
ஆம்புரோஸ்

பி.கு.: ஷெரில் என் இடுப்பைப் பார்த்துவிட்டு ரோண்டாவிடம் கோள் மூட்டிவிட்டாள். வியாழக்கிழமை என்னை எடைபோட வருகிறாளாம்! எனக்கு ஒரு உதவியும் தேவையில்லை. உனக்குப் போன் செய்து கேட்டால், அப்பா என் கல்யாணத்தில் விடியவிடிய ஆடினார் என்று சொல், அது பொய்யில்லை. எந்த வருஷம் என்று கேட்டால் மட்டும், லைன் சரியில்லை என்று வைத்துவிடு.