சீமைமாதுளைக் கணக்கு

பிராக் நகரத்துப் பெரிய பாடசாலையில் தூங்காமல் வேதம் படிக்கிறான் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும் என் அக்காள் மகன், நம் வீட்டு விளக்கு, சிரஞ்சீவி ஆன்ஷெல், பல் ஒன்றுகூட விழாமல் நூற்றிருபது வயது வாழ்க என்று வாழ்த்தி, ரைன் ஆற்றுக்கு இக்கரையில், ஹைடன்ஃபுர்ட் பட்டணத்து மதிலுக்கு வெளியே நம் கிராமத்திலிருந்து உன் தாய்மாமன் கும்பெல் எழுதுவது. இங்கே எல்லோரும் அவரவர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள், மாப்பிள்ளை. இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்னாலேயே சொன்னேன். திராட்சை பறிக்கும் முன்பே, ஜெபக்கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது எழுந்து நின்று, தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஜெபம் பண்ணாதீர்கள், ஒரு நாள் அதன் வழியாகத்தான் கேடு உள்ளே வரும் என்று தீர்க்கதரிசி மாதிரி கையை நீட்டிச் சொன்னேன். "கும்பெலு, உக்காரு. வெக்கை தாங்கல" என்றார்கள். சரியாகச் சொல்லப்போனால் கேடு உள்ளே வரவில்லை, வெளியே போயிற்று. அது ஒன்றைத்தான் நான் மாற்றிச் சொல்லிவிட்டேன்.

விஷயம் இதுதான். கடைசி ஜெபத்தில் மற்ற ஜனங்கள் வெறுமையை வணங்குகிறார்கள் என்று வரும் இடம் உனக்குத் தெரியும். வெறுமை என்ற சொல்லில் எல்லோரும் ஒரு துப்புத் துப்புவதும் தெரியும். நீயும் துப்பி வளர்ந்தவன்தான். உன் அப்பா, என் அத்தான் சூஸ்மன், அன்றைக்கு முன்னால் நின்று பாடிக்கொண்டிருந்தார். பண்டிகை முழுக்கப் பாடிப் பாடி நெஞ்சில் சளி கட்டியிருந்தது. சரியாக அந்தச் சொல்லில் இருமல் வர, மரியாதையாகத் தரையில் துப்பலாம் என்று குனியாமல், மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அது ஜன்னலைத் தாண்டி, வேலியைத் தாண்டி, இரண்டு வாத்துகளின் தலைக்கு மேலே பறந்து, பட்டணத்துச் சேவகன் ஒருவனுடைய புதுக் காலணியில் போய் விழுந்தது. நான் கண்ணால் பார்த்தேன். அவன் காலணியைத் துடைத்துக்கொண்டு போயிருப்பான். கூட நின்றவன்தான் விடவில்லை.

கூட நின்றவன் யார் தெரியுமா? நம் காலமன். ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு கிறிஸ்ட்லீப் என்று பேர் வைத்துக்கொண்டானே, அவனேதான். "ஐயா, அது சளியில்ல. அது சாபம்" என்றான். பொழுது சாய்வதற்குள் அத்தானை ஆற்றங்கரைக் கோபுரத்தில் அடைத்துவிட்டார்கள். ஆண்டவரைப் பழித்தவனுக்கு அந்தப் பட்டணத்துச் சட்டப்படி என்ன தண்டனை என்று எழுத மாட்டேன், நாக்கு சம்பந்தப்பட்டது. உன் அம்மா அன்றிலிருந்து வாயைத் திறந்தால் கையால் மூடிக்கொண்டாள்.

இந்த இடத்தில்தான் உன் மாமன் வருகிறேன்.

டாக்டர் லோய்ஷ்னரைப் பற்றி உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன். பட்டணத்துக் கல்லூரியில் எபிரேயம் கற்றுக்கொடுக்கிறவர். வாழ்நாள் பாதியைப் புத்தகத்து எபிரேயத்தில் கழித்தும் ஒரு யூதன் வாயால் அதைக் கேட்டதில்லை. ஒரு நாள் குதிரைச் சந்தையில் என் முன்னால் வந்து நின்று, "ஓ மனுஷனே, நீ எவ்விடத்தினின்று வருகிறாய்?" என்று எபிரேயத்தில் கேட்டார். குதிரையின் விலை கேட்கிறார் என்று நினைத்து, நாம் வியாபாரத்தில் மற்றவர்களுக்குப் புரியாமல் பேசிக்கொள்ளும் எபிரேயத்தில் விலையையும் வயசையும் பல்லையும் சொன்னேன். மனிதருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றிலிருந்து வாரம் தவறாமல் வீட்டுக்கு வருகிறார். என்னை வேதகுருவாக்கி ரப்பி என்கிறார். அவ்வளவு படித்தவர் ஒன்று சொல்லும்போது நான் மறுத்துப் பேசலாமா? சங்கீதத்தில் சந்தேகம் கேட்பார்.

"ரப்பி, இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?"

"வலது பின்னங்கால் நொண்டி, ஐயா."

"இந்த இடத்துல தாவீது ராஜா ஏன் அதச் சொல்லணும்?"

"அவருக்குத் தெரிஞ்ச குதிரையா இருக்கும், ஐயா."

எழுதிக்கொள்வார். நம்மை எல்லாம் என்றைக்காவது ஒரு நாள் ஞானஸ்நானத் தொட்டிக்கு அழைத்துப் போய்விட வேண்டும் என்பது அவர் ஆசை. அதை அவர் ஒளித்ததும் இல்லை. "நீங்க ஒருத்தர் ஒத்துக்கிட்டாப் போதும், ரப்பி" என்பார். "முதல்ல வினைச்சொல்ல முடிப்போம், ஐயா" என்பேன். இன்னும் முடியவில்லை.

இந்த வழக்கில் எபிரேயம் தெரிந்தவர் என்று நகர சபை அவரைக் கூப்பிட்டது. அவர் என்னைக் கூப்பிட்டார். "நம் தேசத்தின் மிகக் கற்ற ரப்பி" என்று சபை நடுவே என்னை அறிமுகப்படுத்தியபோது காலமன் துள்ளி எழுந்தான். "ரப்பியா? இவனா? இவன் குதிரத் தரகன்யா! எனக்கே ஒரு நொண்டிக் குதிரைய வித்தவன்!"

நான் அசையவில்லை. "குதிர நல்லாத்தான் இருந்துச்சு. உக்கார்ந்தவன்தான் கோணல்" என்றேன். சபையில் பாதிப்பேர் சிரித்தார்கள். முழுச்சபையும் என்று எழுதலாம், ஆனால் உனக்கு நான் பொய் எழுத விரும்பவில்லை.

காலமன் சுண்ணக்கட்டியால் பலகையில் கணக்குப் போட்டான். நம் எழுத்துகள் எண்களும் ஆகுமே, அந்தக் கணக்கு. வெறுமைக்கு ஆறு, இருநூறு, பத்து, நூறு. பக்கத்தில் அவர்களுடைய ஆண்டவர் பேரை நம் எழுத்தில் எழுதினான். பத்து, முந்நூறு, ஆறு. இரண்டும் முந்நூற்றுப் பதினாறு. "வெறுமைன்னு சொல்றானுங்க. நெனைக்கிறது இந்தப் பேர. அப்புறம் துப்புறானுங்க" என்று சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தான். அத்தானைக் கொண்டுவந்து மூலையில் நிறுத்தியிருந்தார்கள். சங்கிலி. இளைத்துப் போயிருந்தார். இருமலை அடக்கி அடக்கி முகம் கறுத்திருந்தது. துப்பக் கூடாதே என்று விழுங்கிக்கொண்டு நின்றார். அவர் கண் என்னைத் தேடியது. இவனா என்னைக் காப்பாற்ற வந்திருக்கிறான் என்று நினைத்திருப்பார். நியாயம்தான்.

மாப்பிள்ளை, நான் பள்ளிக்கூடம் போனது எவ்வளவு என்று உனக்கே தெரியும். பழங்களைச் சாப்பிடும் முன் சொல்ல வேண்டிய ஆசீர்வாதம் வரும் பக்கத்தில் வாத்தியார் என் காதைத் திருகினார், நான் ஓடிவந்துவிட்டேன். அந்த ஒரு பக்கம் மட்டும் காது வழியாக மண்டையில் ஏறி நின்றது. அது இப்போது தானாகத் திறந்தது. எழுந்தேன்.

"ஐயாமாரே, கூட்டல்னா நானும் கூட்டுவேன். எழுதுங்க. எட்டு, ரெண்டு, ஆறு, முந்நூறு. என்ன வருது?"

"முந்நூத்திப் பதினாறு" என்றார் டாக்டர், சபையில் எல்லோருக்கும் முன்னால்.

"அது ஹபூஷ். சீமைமாதுளை. உங்க தோட்டத்திலெல்லாம் இப்பத்தான் பழுத்துக் கெடக்கு. பச்சையாக் கடிச்சிட்டுத் துப்பாம முழுங்குற மகராசன் இந்தச் சபையில யாராவது இருக்காரா? நாங்க துப்புறது பழத்த, ஐயா!"

நகரத் தலைவர் தன் வீட்டு மரத்திலிருந்து ஒன்றைப் பறித்து வரச் சொன்னார். அவர் பக்கத்தில் இருந்த தோல் வியாபாரி, சபையில் மூத்தவர், அதை வாங்கி ஒரு கடி கடித்தார். முகம் உள்ளங்கை மாதிரி சுருங்கியது. துவர்ப்பு தாங்காமல் தரையில் துப்பினார். "இவரையும் கோபுரத்துல போடுவீங்களா?" என்றேன். அப்புறம் வந்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்! தலைவர் சிரித்த சிரிப்பில் மார்பிலிருந்த பொற்சங்கிலி அறுந்து விழுந்தது. மூலையில் அத்தானும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் வெகுநேரம் நிற்கவில்லை.

அதோடு முடிந்திருக்கும். டாக்டர் எழுந்தார்.

"நுணுக்கமாப் பாத்தா..." என்று ஆரம்பித்தார். "புள்ளி வைக்காம எழுதினா அதே நாலு எழுத்துக்கு இன்னொரு வாசிப்பும் இருக்கு. ஹவூஷ். கட்டுண்டவன். சிறைப்பட்டவன்." அவருக்கு நம் மேல் கெட்ட எண்ணம் கிடையாது. தெரிந்ததைச் சொல்லாமல் உட்காரத் தெரியாத மனிதர், அவ்வளவுதான். "கட்டுண்டவர்னா எங்க ஆண்டவர்தான்! பாத்தீங்களா?" என்று காலமன் பாய்ந்தான். தலைவருக்குச் சாப்பாட்டு நேரம். பழமா சிறையாளியா என்று கல்லூரிப் பண்டிதர்கள் கூடி எழுத்தில் சொல்லட்டும், அதுவரை இவன் கோபுரத்திலேயே இருக்கட்டும் என்று எழுந்துவிட்டார்.

பண்டிதர்கள் கூடினார்கள். ஒருவர் ஊரில் இல்லை என்று காத்திருந்தார்கள். ஒரு புத்தகம் இரவலாக வர வேண்டும் என்று காத்திருந்தார்கள். அதற்குள் ஆறு ஓரத்தில் உறைய ஆரம்பித்துவிட்டது. கோபுரத்துக்கு நான் அனுப்பிய கம்பளியைச் சேவகன் போர்த்திக்கொண்டு நடந்தான். அவனுக்கு அது பொருத்தமாகவும் இருந்தது. டாக்டர் மட்டும் அலையாய் அலைந்தார். கடைசியில் பழம் என்ற வாசிப்பே சிறந்தது என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, விடுதலை உத்தரவைத் தன் கையாலேயே கோபுரத்துக்குக் கொண்டுவந்தார். நிபந்தனை இரண்டு: ஜெபப் புத்தகங்களில் அந்தச் சொல்லை மை பூசி அழிக்க வேண்டும், அந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைக்க வேண்டும். அடைக்கச் சொன்னது முதலில் நான் என்பதை ஊரில் இப்போது யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அத்தானை என் வண்டியிலேயே கொண்டுவந்தேன். வைக்கோல் பரப்பி, என் அங்கியைப் போர்த்திப் படுக்கவைத்தேன். வழியெல்லாம் நன்றாகத் தூங்கினார். அவ்வளவு குலுக்கலிலும் ஒரு தடவைகூட இருமவில்லை. பட்டண வாசலில் சுங்கக்காரன் எட்டிப் பார்த்துவிட்டு, நம் ஆட்களுக்கு வாங்கும் ஆள்வரியைக் கேட்காமல் சரக்கு வரி கேட்டான். குடிகாரன். சண்டை போடலாம் என்றுதான் நினைத்தேன், அத்தான் எழுந்துவிடுவாரே என்று கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் எல்லாம் சௌகரியம். அத்தானுக்குக் குரல் போய்விட்டது, அதனால்தான் அவர் எழுதாமல் நான் எழுதுகிறேன். உன் அம்மா தரையில் உட்கார்ந்திருக்கிறாள், நாற்காலி காலொடிந்துவிட்டது. மற்ற நாற்காலிகளும் அப்படித்தான். அவள் சட்டைக் கழுத்து ஆணியில் மாட்டிக் கிழிந்திருக்கிறது. கண்ணாடியில் துணி போட்டிருக்கிறோம், இந்தப் பருவத்தில் தூசி அதிகம். இந்த வருஷம் கோழிகள் நன்றாக முட்டையிடுகின்றனபோல. பக்கத்து வீட்டுக்காரர்கள் அவித்த முட்டையும் பயறும் கொண்டுவந்த வண்ணம் இருக்கிறார்கள். நேற்று டாக்டர் லோய்ஷ்னர் ஒரு கூடை சீமைமாதுளையோடு வந்தார். உன் அம்மாவுக்கு எதிரே அவரும் தரையில் உட்கார்ந்து, எபிரேயத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். உச்சரிப்பில் ஒரு பிழை இல்லை. குதிரை வாடையே இல்லை. உன் அம்மா அழுதுவிட்டாள். அவ்வளவு சுத்தமாகச் சொன்னார். நீ படித்தவன், எல்லாவற்றுக்கும் அர்த்தம் கண்டுபிடிக்கிறவன். இதற்கெல்லாம் கண்டுபிடிக்காதே.

குளிரில் காதை மூடிக்கொண்டு படி. பிராக் பெண்கள் கெட்டிக்காரிகளாம். பெண் பார்ப்பதாக இருந்தால் முதலில் எனக்கு எழுது, பல்லைப் பார்த்தே வயசு சொல்வேன். உன் அம்மா ப்ரெய்ன்லேயின் முத்தங்கள். அப்பா உன் தலையில் இரண்டு கையும் வைத்து ஆசீர்வதிக்கிறார். ஊரார் எல்லோரும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

உன் மேல் உயிராயிருக்கும் மாமன்,
கும்பெல் (ரப்பி என்றும் சொல்வார்கள்)

பின்குறிப்பு: கடிதத்தை எடுத்துப்போகிற வியாபாரி வாசலில் வண்டி பூட்டிவிட்டான். மடிக்கப் போனபோது அக்காள் கேட்டாள், "அவனுக்குச் சொல்லிட்டியா?" என்று. இறந்த செய்தியை உறவுக்காரர்களுக்குத் தெரிவிக்காமலே இருக்கலாம், பாவமில்லை என்று நம் சட்டத்தில் இருக்கிறது. அதை நம்பித்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன். "அது மத்தவங்களுக்குடா. மகனுக்குச் சொல்லியே ஆகணும். செத்த அப்பாவுக்கு மகன் சொல்ற காதிஷ் ஜெபத்த யாரு சொல்லுவா? நீயா?" என்றாள். எனக்கு அது பாதிதான் வரும்.

ஆகவே, ஆன்ஷெல், மேலே எழுதியதில் ஒன்று நான் சேர்த்தது. சங்கிலி அறுந்ததைச் சொல்லவில்லை, அது கொஞ்சம் நிஜம். பழம் நிஜம், கணக்கு நிஜம், உன் அப்பா சிரித்ததும் நிஜம். வண்டியில் அவர் தூங்கினார் என்பது மட்டும் நான் சேர்த்தது. நாற்காலியும் ஆணியும் தூசியும் அதற்குப் போட்ட போர்வை, நம் துக்க முறை உனக்குத் தெரியும். நாங்கள் உத்தரவோடு போனபோது கோபுரக் கதவைத் திறந்து, "இன்னிக்கு வெடியக்காலைலதான்" என்றான் சேவகன், நம் கம்பளியோடு. அன்று கிஸ்லேவ் மாதம் மூன்றாம் நாள். ஒவ்வொரு வருஷமும் அந்த நாளை மறக்காதே.

கடிதம் கிடைத்ததும் எழுந்து நின்று காதிஷ் சொல். உரக்கச் சொல். இங்கே ஜன்னலை அடைத்துவிட்டார்கள்.