இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பியவன்

நான் சம்பளம் வாங்கிக்கொண்டு நான்கு வருடம் ரக்பி லீக் ஆடியவன். இதை எங்கள் ஊர் கரியமாணிக்கத்தில் யாரிடம் சொன்னாலும் நம்புவார்கள். நம்பிவிட்டுச் சிரிப்பார்கள். காரணம், தேர்வு நடந்த அன்று நான் செய்த காரியம்.

அதுவரை நான் ஊர்க் கபடி அணியில் ரைடு போகிறவன். (திருவிழாப் போட்டிகளில் பித்தளைக் குடமாக வாங்கிவந்து அம்மாவின் பரணை அடைத்தவன் என்றும் சொல்லலாம்.) சென்னை அணி ஒன்று ரக்பிக்கு ஆள் எடுப்பதாகச் சொல்லி, பாகூர் நண்பன் செல்வம்தான் என்னை அழைத்துப் போனான். அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: "எடுத்தாங்கன்னா போ. இல்லன்னா நாளையிலேர்ந்து நம்ம ஒரக்கடையில குந்து." யூரியா மூட்டைகளுக்கு நடுவே ஆயுள் முழுக்க உட்காருவதை நினைத்ததும் அவசரமாகச் செல்வத்தின் பைக்கில் ஏறிவிட்டேன்.

பைக்கில் போகும்போதே செல்வம் விதிகளைச் சொல்லி முடித்தான். "பந்தத் தூக்கிக்கினு ஓடு. புடிச்சாங்கன்னா உதறு. அவங்க கோட்டுக்கு அந்தாண்ட போய் வச்சிடு. இன்னா, புரிஞ்சிதா?"

"இவ்ளோதானா? கபடியில இது பாதி கூட இல்லடா" என்றேன். அந்தத் திமிரை இப்போது நினைத்தால் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

மைதானத்தில் எங்களை இரண்டு அணியாகப் பிரித்து ஆடவிட்டார்கள். பந்து என் கைக்கு வந்தது. ஓடினேன். மூச்சுவிடாமல் "கபடி கபடி" என்று வேறு சொல்லிக்கொண்டே ஓடினேன். ஒருவன் தோளைப் பிடித்தான்; உதறினேன். இன்னொருவன் இடுப்பில் பாய்ந்தான். வழுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். எதிரே வெறும் புல்தரை. இன்னும் பத்தடி ஓடிப் பந்தை வைத்தால் போதும்.

ஆனால் இரண்டு பேரைத் தொட்டாயிற்றே! கபடியில் தொட்டவன் உடனே தன் பக்கத்துக்குத் திரும்ப வேண்டும். பன்னிரண்டு வயதிலிருந்து என் கால்களுக்குத் தெரிந்த ஒரே சட்டம் அதுதான். திரும்பினேன். வந்த வழியே மைதானம் முழுவதும் ஓடினேன். இரண்டு அணிகளும் துரத்தின.

"டேய், அந்தாண்டடா! அந்தாண்ட!" என்று செல்வம் கதறினான். உற்சாகப்படுத்துகிறான் என்று நினைத்து இன்னும் வேகமெடுத்தேன். எங்கள் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கீழே போட்டுவிட்டு, நடுவரிடம் பெருமையாக இரண்டு விரலைக் காட்டினேன். பின்னால் வந்த எதிரணிக்காரன் அதன்மேல் விழுந்து புள்ளியை எடுத்துக்கொண்டான்.

பயிற்சியாளர் வந்தார். "யாருப்பா உன்னை இந்தப் பக்கம் ஓடச் சொன்னது?"

"தொட்டுட்டேன் சார். ரெண்டு பேரு."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவமானத்தில் காது சுட்டது. கடைக் கல்லா கண்முன் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு, மூச்சிரைக்கத் தரையில் கிடந்தவர்களைப் பார்த்தார்.

"இருபத்தஞ்சு பேர் துரத்தியும் இவனை ஒருத்தனாலயும் பிடிக்க முடியல. இவனை எடுத்துக்கறேன். எந்தப் பக்கம் ஓடணும்னு நான் சொல்லித் தர்றேன்."

சொல்லித் தந்தார். நன்றாகவே ஆடினேன், சந்தோஷமாகவும் இருந்தேன். முழங்கால் தேய்ந்த பிறகு ஊருக்கு வந்து கரும்பு போட்டிருக்கிறேன். ஆனால் அந்த நான்கு வருடத்து ஆட்டம் ஒன்றுகூட என் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. இன்றைக்கும் நெட்டப்பாக்கம் கடைக்குக் கிளம்பினால் மனைவி பையைக் கொடுத்துவிட்டுச் சொல்வாள்:

"கடையத் தொட்டுட்டு அப்படியே திரும்பிடாதீங்க. உள்ள போய் சாமான வாங்கிக்கினு வாங்க."