நேரில் விவாதிக்கப்பட்டது

சமூகப்பணி படிக்கும் பிள்ளைகள் வகுப்பறையில் உட்கார்ந்தே சமூகத்தைக் கற்றுவிட முடியாது என்பது பல்கலைக்கழகத்தின் அசைக்க முடியாத கொள்கை. ஆகவே வாரத்தில் இரண்டு நாள் அவர்கள் களப்பயிற்சிக்குப் போகவேண்டும். போய்வந்தவர்களை ஒரு பேராசிரியர் நேரில் சந்தித்து, நடந்ததை விவாதித்து, வாராந்தரப் படிவத்தில் கையெழுத்துப் போடவேண்டும். இந்த ஏற்பாட்டில் யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது. கையெழுத்து ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

போட்டவர் மேடம். துறையில் பேராசிரியைகள் ஐந்தாறு பேர் இருந்தாலும், வெறும் ‘மேடம்’ என்றால் அவர் ஒருவர்தான். ‘களப்பயிற்சிக் கையேடு’ என்ற நூற்றுப் பன்னிரண்டு பக்கப் புத்தகத்தை எழுதியவர். உதவி கேட்டு வருபவரிடம் எப்படிப் பேசுவது, எங்கே மௌனமாக இருப்பது, நாற்காலியை எந்தக் கோணத்தில் போடுவது, எல்லாம் அதில் உண்டு. அதை எழுதி முடிக்க ஒன்பது வருஷம் ஆயிற்று. பாவம், அந்த ஒன்பது வருஷமும் களத்துக்குப் போக அவருக்கு நேரமே கிடைக்கவில்லை. அப்புறம் பழக்கம் விட்டுப்போயிற்று.

திங்கட்கிழமை காலையில் படிவங்கள் ஒரு தட்டில் வரும். மேடம் ஒவ்வொன்றிலும் ‘நன்று. நேரில் விவாதிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திடுவார். தட்டு மாணவர்களிடம் போகும். அவர்கள் கீழே ‘ஆம்’ என்று எழுதிக் கையெழுத்திடுவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற சிரமம் இரு தரப்புக்கும் இல்லை. இதைவிட நல்லுறவு வேறு எந்தத் துறையில் இருந்தது, சொல்லுங்கள்?

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததில் மண்ணைப் போட்டது தரக் கண்காணிப்புப் பிரிவின் சுற்றறிக்கை. கணினி குலுக்கிப் போட்டு ஒரு மாணவியைத் தேர்ந்தெடுத்திருந்தது. ‘மேற்படி மாணவியுடன் மேற்பார்வையாளர் களத்தில் காணப்படும் புகைப்படம் வெள்ளிக்கிழமைக்குள் சமர்ப்பிக்கப்படாவிடில், அவரது பயிற்சி மணிநேரங்கள் அனைத்தும் நிகழாதவையாகக் கருதப்படும்.’

நிகழாதவை என்றால் அந்தப் பெண் முழு வருஷத்தையும் திரும்பப் படிக்கவேண்டும். சும்மா சொல்லக்கூடாது, மேடம் கெட்டவர் இல்லை. யாரோ பெற்ற பிள்ளைக்குத் தன்னால் ஒரு வருஷம் போய்விடுமே என்று உண்மையாகவே பதறினார். அலுவலக உதவியாளரைக் கூப்பிட்டார்.

"இந்தப் பொண்ணு பாக்க எப்படி இருப்பா?"

"நீங்கதானே மேடம் வாராவாரம் நேர்ல பாக்கறீங்க?"

"அது எனக்குத் தெரியாதா? இப்ப எப்படி இருப்பான்னு கேட்டேன்."

உதவியாளருக்கும் தெரியவில்லை. வியாழக்கிழமை மேடம் தனியாகக் கிளம்பினார்.

குடும்ப ஆலோசனை மையம் மூன்றாவது மாடியில் இருந்தது. கீழே மருந்துக்கடை, நடுவில் பல் மருத்துவர். லிஃப்டில் தொங்கிய ‘பழுது’ என்ற அட்டையே பழுதாகி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மேடம் ஏறினார். மேலே போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது, பேச்சு வரவில்லை, வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

பதிவுமேசைக்காரர் எழுந்து வந்து ஒரு டம்ளர் தண்ணீரையும் ஒரு டோக்கனையும் கொடுத்தார்.

"அழாதீங்கம்மா. வந்துட்டீங்கல்ல, இனி எல்லாம் சரியாயிடும்."

"நான் அழலைங்க. வேர்வை."

"ஆமாம்மா. இங்க எல்லாருக்குமே வேர்க்கும்."

டோக்கன் எண் நான்கு. மேடம் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு இளம்பெண் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனாள். கழுத்தில் பயிற்சி மாணவியின் அட்டை. சுற்றறிக்கையில் இருந்த அதே பெயர். ஒட்டுப்பலகைத் தடுப்புக்குப் பின்னால் ஒரு சின்ன மேசை, இரண்டு நாற்காலி. கோணம் சரியாக இருந்ததை மேடம் கவனித்தார்.

"நான் ஆலோசனைக்கு வரலைம்மா. பல்கலைக்கழகத்துல இருந்து வர்றேன். அதிகாரபூர்வமா வந்திருக்கேன்."

மாணவி நிதானமாகத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை மேடம் அடையாளம் கண்டுகொண்டார். அது கையேட்டின் பக்கம் நாற்பத்தொன்று. அவரே எழுதியது: ‘உதவி நாடி வருபவர் முதல் சந்திப்பில், தாம் வேறு வேலையாக வந்ததாகவோ, தாம் ஓர் அதிகாரி என்றோ கூறக்கூடும். மறுக்கவேண்டாம். நம்பவும் வேண்டாம். தலையாட்டவும்.’

"இங்க பாரு, என் அடையாள அட்டை."

மாணவி வாங்கிப் பார்த்தாள். புகைப்படம் கையேடு எழுதத் தொடங்கியதற்கு முந்தியது. "உங்க பொண்ணாம்மா? லட்சணமா இருக்காங்க."

"நான்தான்மா அது! நான்தான் உன் மேற்பார்வையாளர்!"

"எங்க மேடத்தை எனக்குத் தெரியாதாம்மா?" என்றாள் மாணவி, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். "இருபத்துநாலு வாரமா நேருக்கு நேர் உக்காந்து பேசியிருக்கோம். பதிவு இருக்கு. ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கு."

மேடம் வாயைத் திறந்தார். பிறகு யோசித்தார். ‘நாம் சந்தித்ததே இல்லை’ என்று சொன்னால் தான் யார் என்பது நிரூபணமாகும். அதோடு இருபத்துநாலு படிவமும் பொய்யாகும். பொய்யானால் மணிகள் நிகழாதவையாகும். எந்தப் பிள்ளையைக் காப்பாற்ற மூச்சிரைக்க மூன்று மாடி ஏறினாரோ, அந்தப் பிள்ளையின் வருஷம் போய்விடும். சந்தித்திருக்கிறோம் என்றால் தான் மேடமாக இருக்க முடியாது. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"எதிர்ப்பு குறைகிறது," என்று மாணவி எழுதிக்கொண்டாள். "வீட்ல யாரும்மா இருக்காங்க?"

"வீட்டுக்காரர் இருக்கார். அவரும் ஆபீஸ்தான்."

"பேசிக்குவீங்களா?"

"பேசாம என்ன? ஃபிரிட்ஜ்ல சீட்டு ஒட்டி வைப்பேன். ‘பால் தீர்ந்துவிட்டது’ன்னு."

"அவர்?"

"‘பார்வையிட்டேன்’னு எழுதி சுருக்கொப்பம் போடுவார்."

சொல்லும்போதுதான் அது காதில் விழுந்தது. மேடத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தது அவர் மட்டும்தான்.

மாணவி கையேட்டின் ஒன்பதாம் கேள்விக்கு வந்தாள். "கடைசியா உங்ககிட்ட ‘எப்படி இருக்கே’ன்னு கேட்டுட்டு, பதில் வர்றவரைக்கும் யாராவது நின்னாங்களா?"

அந்தக் கேள்வியை அமைத்த நாள் மேடத்துக்கு நன்றாக நினைவிருந்தது. ஒரு மதியம், குளிரூட்டிய அறை, இரண்டாவது காப்பி. என்ன ஒரு கேள்வி என்று தானே மெச்சிக்கொண்டு, அடிக்கோடும் போட்டார். பதில் வராவிட்டால் எத்தனை நிமிஷம் காத்திருக்கவேண்டும் என்று அடிக்குறிப்பும் கொடுத்திருந்தார்: நான்கு. மாணவி நான்கு நிமிஷம் அசையாமல் காத்திருந்தாள். மூன்றாவது நிமிஷத்தில் மேடம் அழுதார். இந்தத் தடவை வியர்வை இல்லை.

முடிவில் பதிவுமேசைக்காரர் ஒரு புகைப்படம் எடுத்தார். அடுத்த சந்திப்பு அடுத்த வியாழன், பதினோரு மணி என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். மேடம் படி இறங்கும்போதுதான் வந்த வேலை ஞாபகம் வந்தது. போகட்டும், புகைப்படம்தான் எடுத்தாயிற்றே என்று தேற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மையத்திலிருந்து அந்தப் படம் நேராகத் தரக் கண்காணிப்பு அதிகாரிக்குப் போயிற்று. திங்கட்கிழமை பதில் வந்தது: ‘படத்தில் மாணவியும், முகம் மறைக்கப்பட்ட ஒரு பயனாளியும் மட்டுமே உள்ளனர். மேற்பார்வையாளர் காணப்படவில்லை.’

மேடம் பதறிப்போய் எழுதினார்: ‘முகம் மறைக்கப்பட்டிருப்பது நானே.’

அரை மணியில் பதில்: ‘தங்கள் கையேடு பக்கம் எழுபதின்படி மறைக்கப்படும் முகம் பயனாளியுடையதே. எனவே அது தாங்கள் அல்ல. வியாழனன்று நானே நேரில் சென்று விசாரித்து, மாணவியின் மணிகளை ரத்து செய்வேன்.’ விசாரித்த பிறகு என்ன செய்வார் என்பதையும் முன்னதாகவே தெரிவித்துவிடும் அளவுக்கு அவர் திறமைசாலி.

அன்றைக்கு வந்த தட்டில் அந்த மாணவியின் படிவமும் இருந்தது. ‘ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். தன்னை அதிகாரி என்கிறார். நல்லவர். கேட்க ஆளில்லை.’ மேடம் வழக்கம்போல ‘நன்று. நேரில் விவாதிக்கப்பட்டது’ என்று எழுதினார். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அந்த வரி உண்மையானது இதுதான் முதல் தடவை. இதைத்தான் ரத்து செய்யப்போகிறார்கள்.

வியாழக்கிழமை அதிகாரியை எப்படியாவது மடக்கவேண்டும் என்று மேடம் பத்தரைக்கே மூன்று மாடி ஏறினார். அதிகாரி அவருக்கும் முந்தி. பெஞ்சில் உட்கார்ந்து கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையில் டம்ளர். டோக்கன் எண் மூன்று.

"நான் அழலைங்க," என்றார் பதிவுமேசைக்காரரிடம். "இது ஆய்வு. நான் ஆய்வுக்கு வந்திருக்கேன்."

"ஆமாங்கய்யா," என்று தலையாட்டினார் பதிவுமேசைக்காரர்.

உள்ளே போன அதிகாரி ஐம்பது நிமிஷம் கழித்து வந்தார். மூக்கு சிவந்திருந்தது. யாரையும் பார்க்காமல் தாளை முழங்காலில் வைத்து எழுதினார்: ‘மணிகள் நிகழ்ந்தவையே.’ எழுதிவிட்டு, அடுத்த சந்திப்புச் சீட்டைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

மேடம் உள்ளே போனார்.

"உக்காருங்க மேடம்," என்றாள் மாணவி.

மேடம் நின்றுவிட்டார். "நான் யாருன்னு உனக்கு எப்போ தெரியும்?"

"போன வாரம் பெஞ்சுல பாத்தப்பவே. கையேட்டோட பின்னட்டைல உங்க போட்டோ இருக்கே."

"அப்ப ஏம்மா அன்னைக்கே சொல்லலை?"

"சொல்லியிருந்தா போட்டோ எடுத்துக்கிட்டு போயிருப்பீங்க மேடம்."

மேடம் நாற்காலியை இழுத்து, கோணத்தைப் பற்றிக் கவலைப்படாமல், பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "நீ எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். பதில் வர நான்கு நிமிஷத்துக்கு மேலேயே ஆயிற்று.

இவ்வளவும் உனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாதி, பெஞ்சில் காத்திருந்தபோது மேடமே சொன்னார். மீதி, தடுப்புக்கு மேலாகக் காதில் விழுந்தது. ஐந்தாம் எண் டோக்கன் என்னிடம் இருந்தது. தப்பாக நினைக்காதீர்கள், எனக்கு ஒரு குறையும் இல்லை; மூன்று மாடி ஏறினால் யாருக்கும் கண்ணில் வியர்வை இறங்கத்தான் செய்யும். நான் இந்த மாதிரி விஷயங்களைக் கிண்டல் செய்து கதை எழுதுகிறவன், அந்த வேலையாகத்தான் வந்தேன் என்று பதிவுமேசைக்காரரிடம் விளக்கமாகச் சொன்னேன்.

அவர் நிதானமாகத் தலையாட்டினார்.