ஈயச் சிப்பாய்களுக்கு ஒரு தட்டு

கல்யாணமாகிப் பதினெட்டு வருசம் கழித்து, ஒரு நாள் காலை பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது பேயாண்டி வீர சபதம் ஒன்று எடுத்தார். இந்த வீட்டு அலமாரியில் ஒரே ஒரு தட்டாவது தனக்கென்று இருந்தாக வேண்டும்!

இதெல்லாம் ஒரு சபதமா என்று சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டு அலமாரியில் உங்களுக்கு எத்தனை தட்டு என்று முதலில் எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கோச்சடையில் அந்த வீட்டைக் கட்டியது என்னவோ பேயாண்டிதான். கூடத்துச் சுவரில் கண்ணாடிக் கதவு போட்டு, அஞ்சு தட்டு வைத்து அலமாரி அடித்ததும் அவர்தான். ஆனால் அஞ்சு தட்டிலும் குடியிருந்தது அவர் சம்சாரம் மாயக்காளின் எவர்சில்வர். குடம், தூக்குச்சட்டி, டிபன் கேரியர், அந்த டிபன் கேரியருக்குக் குட்டி போட்ட மாதிரி இன்னொரு டிபன் கேரியர், பிறந்த நாள் முதலாய் ஒரு வாய்த் தண்ணீரைப் பார்த்திராத டம்ளர்கள். எல்லாம் அவள் பேரையூரிலிருந்து சீராகக் கொண்டுவந்தவை. பேயாண்டியின் மூக்குக்கண்ணாடி ரேடியோ மேல் இருந்தது. சவரப் பெட்டி ஜன்னலில் வெயில் காய்ந்தது. மில்லில் அவர் ஸ்டோர் கீப்பர். எந்த நட்டு எந்த மூலையில் கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். வீட்டில் தன் பனியன் எங்கே என்று கேட்டுத்தான் போட்டுக்கொள்வார்.

இத்தனை நாள் சும்மா இருந்தவருக்குத் திடீரென்று தட்டு எதற்கு? காரணம் சோணை. கப்பலில் சமையல் வேலை பார்க்கும் கூட்டாளி. லீவில் வந்தவன் ஒரு அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனான். திறந்தால் உள்ளே கட்டைவிரல் உயரத்துக்கு ஈயச் சிப்பாய்கள். உடம்பெல்லாம் இரும்புச் சட்டை. ஒருத்தனுக்குத் தலையில் கொம்பு. ஒருத்தனுக்கு வாயில் கோரைப்பல். ஒருத்தன் தன்னைவிடப் பெரிய கோடாலியைத் தூக்கிக்கொண்டு நின்றான். எல்லாம் சாம்பல் நிறத்தில், பெயிண்ட் அடிக்காமல்.

"மாப்ள, சீமையில மீசை நரைச்ச ஆளுகளெல்லாம் இதுக்குப் பெயிண்ட் அடிச்சுத்தான் பொழுதை ஓட்டுறானுக," என்றான் சோணை.

"எனக்கு ஒரு கோடு நேரா வராதேடா."

"கோடே போட வேணாம். மொதல்ல முச்சூடும் கறுப்பை அடி. காயட்டும். பெறகு பிரஷ்ஷை வெள்ளிப் பெயிண்டுல தொட்டுத் துணியில நல்லாத் தொடைச்சிரு. பிரஷ்ஷுல பெயிண்டே இல்லைன்னு தோணணும். அதை வச்சு மேலாப்புல தடவு. மேடெல்லாம் மினுங்கும், பள்ளமெல்லாம் கறுப்பாவே கெடக்கும். இரும்புச் சட்டை ரெடி."

"அம்புட்டுத்தானா?"

"கடைசியா மையில தண்ணியக் கலந்து ஒரு பூச்சு. இடுக்குல எறங்கி, சண்டைக்குப் போயிட்டு வந்த பழைய இரும்பாட்டம் ஆயிரும்."

டவுன் ஹால் ரோட்டில் பெயிண்டும் பூஜ்யம் நம்பர் பிரஷ்ஷும் வாங்கிவந்து பேயாண்டி களத்தில் இறங்கினார். முதல் சிப்பாய்க்கு ஆசை ஆசையாய் அப்பியதில் அவன் மூக்கும் வாயும் மூழ்கிப்போய்ப் புளியங்கொட்டை ஆகிவிட்டான். இரண்டாமவன் காயும் முன்னே வெள்ளி பூசப்பட்டுச் சேற்றில் புரண்ட எருமையாய் எழுந்தான். மூன்றாமவனுக்குத்தான் பிரஷ்ஷைத் தன் பனியனிலேயே நன்றாகத் துடைத்துவிட்டு, பூனையைத் தடவுகிற மாதிரி லேசாகத் தடவினார்.

அடடா! மார்புக் கவசத்தின் ஒவ்வொரு ஆணியும் தனித்தனியாக மினுங்கியது. பேயாண்டி அவனை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பத்தாறு வயசில், தன் கையால் செய்த ஒன்றைப் பார்த்துத் தானே ஆகா என்றது அன்றைக்குத்தான். சந்தோசத்தில் பெண்டாட்டியைக் கூப்பிட்டார். அதுதான் தப்பு.

"ஏ மாயக்கா! இங்க வந்து பாரேன்!"

புளியும் கையுமாக வந்தாள் மாயக்காள். தேய்த்துக்கொண்டிருந்த குத்துவிளக்கும் கூடவே வந்தது. அதற்குள் பேயாண்டி கடைசிப் பூச்சில் இறங்கியிருந்தார்.

"என்னங்க அது, கறுப்பா ஊத்துறீக?"

"மைத் தண்ணி. இடுக்குலயெல்லாம் போயி உக்காந்து அழுக்குப் பிடிச்ச மாதிரி ஆக்கும். அப்பத்தான் இரும்பு இரும்பா இருக்கும்."

மாயக்காள் கையிலிருந்த குத்துவிளக்கைப் பார்த்தாள். சிப்பாயைப் பார்த்தாள். புருசனைப் பார்த்தாள்.

"நான் காலையில இருந்து புளியைப் போட்டு இடுக்குல இருக்குற அழுக்கை எடுக்கேன். நீங்க மை வாங்கியாந்து இடுக்குல அழுக்கை ஏத்துறீக. ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான் இருக்கோம்?"

"இது கலை புள்ள. ஒனக்குப் புரியாது."

"பனியனும் கலையா?"

பேயாண்டி குனிந்து பார்த்தார். பனியன் நெடுக வெள்ளிக் கோடு. கலை அங்கேயும் நன்றாகவே வந்திருந்தது.

எல்லாச் சிப்பாய்களும் முடிந்ததும், மேல் தட்டிலிருந்த டம்ளர்களை ஓரம் தள்ளிவிட்டுப் படையை அணிவகுத்து நிறுத்தினார். மறுநாள் மில்லிலிருந்து திரும்பினால் டம்ளர்கள் பழைய இடத்தில் நின்றன. படை கொட்டாங்குச்சியில் கிடந்தது. மறுபடி ஏற்றினார். அடுத்த நாள் மண்ணெண்ணெய் டின்னுக்குப் பின்னால் கண்டெடுத்தார். இன்னொரு தரம் கோடாலிக்காரனை மட்டும் காணோம். அடுப்படிச் சன்னல் ஆடாமலிருக்க அவனை அண்டக் கொடுத்திருந்தாள்.

"இதெல்லாம் அலமாரியில வைக்கிற சாமானா? எடத்தை அடைக்குதுங்க," என்றாள். குரலைக்கூட உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது இருக்கலாம்.

அந்தக் கடுப்பில்தான் சபதம். சபதத்தோடு பல் விளக்கிக்கொண்டிருந்தபோதே திட்டமும் கூடவே வந்து விழுந்தது.

சிப்பாய்களுக்கு அவர் இன்னும் கண் வைக்கவில்லை. கண்தான் கஷ்டம் என்று விட்டுவைத்திருந்தார். மாயக்காளின் ஊர்ப்பக்கம் புரவி எடுப்புத் திருவிழாவில், மண்குதிரையும் மண்சாமியும் அவற்றைச் செய்த வேளார் வந்து கண் எழுதித் திறக்கும்வரை வெறும் மண்; திறந்துவிட்டால் தெய்வம். அதற்கப்புறம் குளிக்காமல் கொள்ளாமல் மாயக்காள் கிட்டப் போக மாட்டாள். பேயாண்டிக்குச் சிரிப்பு வந்து பற்பசையை விழுங்கிவிட்டார்.

லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தார். ஈர்க்குச்சியைச் சீவி, வெள்ளைப் பெயிண்டில் முனையை மட்டும் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு புள்ளி. அதன் நடுவில் கறுப்பு. கொம்பனுக்கு ஒரு கண் தன் மூக்கைப் பார்த்தது, இன்னொன்று திருப்பரங்குன்றத்தைப் பார்த்தது. சரி பண்ணப் போய்ப் பெரிசாக்கினார். கடைசியில் மொத்தப் படையும், சம்பளம் கிடையாது என்று கேள்விப்பட்ட மாதிரி முழித்துக்கொண்டு நின்றது. பேயாண்டிக்கு அதுவே போதும்.

"மாயக்கா, நேத்துக் கனவுல வந்து கண்ணைத் தெறந்து விடுன்னு சொல்லுச்சு. தெறந்துட்டேன். இனி இதுக பொம்மை இல்லை. காவல் தெய்வம். தூக்கி அங்கிட்டு இங்கிட்டு வைக்கிற வேலையெல்லாம் ஆகாது."

மாயக்காள் கிட்ட வந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஐயோ சாமி! தெரியாம அடுப்படியில கெடத்திட்டேனே!"

பேயாண்டிக்கு உள்ளுக்குள் மேளம் கொட்டியது. அவள் அலமாரிப் பக்கம் போனாள். மேல் தட்டைக் காலி செய்தாள். இரண்டாம் தட்டைக் காலி செய்தாள். அஞ்சு தட்டும் காலி!

"ஒரு தட்டுப் போதும் புள்ள."

"என்னங்க பேசுறீக? சாமிக்குக் கீழயும் மேலயும் டம்ளரா வைக்கிறது?" என்றவள் நின்று யோசித்தாள். "கண்ணைத் தெறந்து விட்டது யாரு?"

"நாந்தான்."

"அப்பப் பூசாரியும் நீங்கதான்."

பேயாண்டி பெருமையோடு தலையை ஆட்டினார். ஆட்டாமல் இருந்திருக்கலாம்.

அன்றைக்கே சிகரெட் போச்சு. சாமி வீட்டில் புகை ஆகாதாம். சீட்டாடப் போவது போச்சு. மெத்தை போச்சு, பூசாரி பாயில் படுக்க வேண்டுமாம். விடியுமுன் கிணற்றுத் தண்ணீரில் குளியல். மார்கழி மாசம் வேறு. அவர் பல் தந்தியடிக்கும் சத்தத்தைப் பக்கத்து வீட்டு ரெங்கம்மாள் சாமிக்கு அடிக்கிற உடுக்கு என்றே நினைத்துக்கொண்டாள். ஒரு எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றாள்.

"அண்ணே, எங்க சேவலைக் காணோம். சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க."

"அது பேசாதும்மா."

"கனவுல பேசுச்சுன்னீக?" என்றாள் மாயக்காள்.

வேறு வழியில்லாமல் கண்ணை மூடி, "தெக்க போயிப் பாரு," என்றார் பேயாண்டி. சேவல் வடக்கே கிடைத்தது. ரெங்கம்மாள் வாசலில் நின்று குறைப்பட்டுக்கொண்டாள்.

"விடு ரெங்கம்மா," என்றாள் மாயக்காள். "புதுச் சாமி. ஊரு பழகணும்ல?"

அடுத்தது அலமாரி. உள்ளே பெயிண்ட் உரிந்து கறை ஏறிக் கிடந்தது. சாமி இருக்கிற இடம் இப்படியா இருக்கும் என்று கண் கலங்கினாள் மாயக்காள். பூசாரியால் மறுக்க முடியுமா? பேயாண்டி சுரண்டினார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். உள்ளே பச்சை அடித்தார். இறங்கியபின் சும்மா விடுவாரா? தட்டு விளிம்பெல்லாம் சோணை சொன்னபடி பிரஷ்ஷைத் துடைத்துத் துடைத்து வெள்ளி தடவினார். கண்ணாடியைப் பழந்துணியால் தேய்த்ததில் அதில் அவர் முகமே தெரிந்தது. இளைத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதான் உண்மையான இடி விழுந்தது. இலையில் தயிர்ச்சோறு.

"கறி எங்க?"

"சாமி வீட்டுல கறியா?"

"ஏ, காவல் தெய்வத்துக்கே கெடா வெட்டுறோம்!"

"அது கெடா கேக்குற சாமி. இது என்ன கேக்குற சாமின்னு தெரியுமா? கொம்பு இருக்கு, பல்லு இருக்கு, பேரு இல்லை. கனவுல வந்தா கேட்டு வைங்க. அதுவரைக்கும் சைவம்."

"அப்ப நீ?"

"நான் பூசாரியா என்ன? ரெங்கம்மா வீட்டுல கறிக்கு ஒலை வச்சிருக்கோம். போயி ஒரு வாய் சாப்ட்டு வாரேன்."

அடுத்த ஞாயிறும் அப்படியே. மறு ஞாயிறு வந்தது. பக்கத்து வீட்டில் அம்மியில் மசாலா அரைபடும் சத்தம் கேட்டது. பிறகு வாசம் வந்தது. எலும்புக் குழம்பு! சுவர் ஏறி, ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து, தயிர்ச்சோற்றின் முன்னால் உட்கார்ந்திருந்த பேயாண்டியின் மூக்கைப் பிடித்துத் தூக்கியது. மனுசன் எத்தனை நாள்தான் தாங்குவான்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரெங்கம்மாள் வீட்டு அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"மாயக்கா! அது சாமி இல்லை!"

"எதுங்க?"

"அலமாரியில நிக்கிறது. நான் சும்மா சொன்னேன்."

"கனவு?"

"கனவும் வரலை, கழுதையும் வரலை!"

"ரெங்கம்மா, இங்க வா. அண்ணன் என்னமோ சொல்றாக, நீயும் கேட்டுக்க. ம், சொல்லுங்க."

"பொம்மை! ஈயப் பொம்மை! போதுமா?"

ரெங்கம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாயக்காள் போட்டுக்கொள்ளவில்லை. அகப்பையை வைத்துவிட்டு, குழம்பு பட்ட கையோடு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். பேயாண்டி பின்னாலேயே ஓடினார். அவர் வந்து சேருவதற்குள் கொம்பன், பல்லன், கோடாலிக்காரன் எல்லோரும் அரிசிப் படிக்குள் விழுந்திருந்தார்கள். குடமும் தூக்குச்சட்டியும் மேலே ஏறிக்கொண்டிருந்தன.

"ஏ, ஏ! என்ன செய்ற?"

"பொம்மைக்கு எதுக்குங்க அலமாரி?"

"ஒரு தட்டாச்சும்..."

"சாமின்னா அஞ்சு தட்டும் அதுகளுக்குத்தான், ஒங்களுக்குக் கறி கெடையாது. பொம்மைன்னா ஒங்களுக்குக் கறி உண்டு. அதுகளுக்கு அலமாரி கெடையாது. எதுன்னு நீங்களே சொல்லுங்க. நான் என்னைக்கு ஒங்க பேச்சை மீறியிருக்கேன்?"

பேயாண்டி அரிசிப் படியைப் பார்த்தார். முழித்துக்கொண்டிருந்த சிப்பாய்கள் அவரையே பார்த்தார்கள். அழுகையே வந்துவிடும்போல் இருந்தது அவருக்கு. ஜன்னல் வழியே மறுபடியும் குழம்பு வாசம் வந்தது.

"பொம்மைதான்," என்றார்.

பக்கத்து வீட்டுக் குழம்பைச் சட்டியோடு தூக்கிவந்து இலை போட்டாள். நல்லி எலும்பாகப் பார்த்து வைத்தாள். ரெண்டு கவளம் உள்ளே போனபிறகுதான் அவருக்குக் கேள்வி கேட்கத் தெம்பு வந்தது.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க வந்து சொன்ன அன்னைக்கே. மாறுகண்ணு வச்சு எந்தச் சாமிங்க வருது?"

"அப்பறம் எதுக்கு இம்புட்டு நாளும் கையெடுத்துக் கும்பிட்ட?"

மாயக்காள் அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். புதுப் பச்சையில், வெள்ளி விளிம்பில், அவள் எவர்சில்வர் ஜொலித்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினாள்.

"அலமாரிக்குப் பெயிண்ட் அடிச்சுக் குடுங்கன்னு மூணு வருசமா வாயால கேட்டேன், நீங்க அடிக்கலை. கும்பிட்டேன், அடிச்சிட்டீக."