மாமியாருக்கும் எனக்கும் நடுவே ஒரு கம்பளம்

அன்புள்ள மார்லீன் அக்காவுக்கு, தம்பி லெலாண்ட் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் நலம், செம்மறிகளும் நலம். என் கண்கள் இன்றுவரை நலம், வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவற்றுக்கு நான் பொறுப்பில்லை. அங்கே நீயும் அத்தானும் சுகமென்று நம்புகிறேன்.

மாப்பிள்ளையும் மாமியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால், பார்த்தவர் கண் அவிந்துபோகும் என்று நம் அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தது உனக்குத் தெரியாததல்ல. போன பனியில் அத்தை வீட்டுக் கூரை இறங்கி, அவங்க இங்கே வந்ததிலிருந்து, அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே அவங்க இளவயதில் நெய்த அந்தக் கம்பளத்தைத் தொங்கவிட்டு, அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நான் என்று காலம் தள்ளுகிறோம். சாயமே ஏற்றாத சாம்பலும் பழுப்புமான ரோமம், சுவர் மாதிரி கனம். அதைத்தான் உன் தம்பி பெண்டாட்டி லொரெட்டா வெள்ளிக்கிழமை ஏலத்துக்குக் கொண்டுபோகப் போகிறாள், வண்டியில் கியர்பாக்ஸ் போய்விட்டதாம். "கியர்பாக்ஸ் பெரிசா, என் கண்ணு பெரிசா?" என்றேன். "வண்டி ஓடலன்னா கண்ணை வெச்சுக்கிட்டு எங்க போகப்போற?" என்கிறாள்.

நேற்று பார்க்க வந்த நகரத்து வியாபாரி, மூலையில் கரையைக் கடந்து வெளியே ஓடும் வெள்ளை இழையில் விரலை வைத்து, "இங்க நெசவு தப்பிருக்கே" என்றான். அப்பாடா, விலை படியாது என்று எனக்கு உயிர் வந்தது. இவள் சும்மா இருக்கக் கூடாதா? "தப்பில்ல. நெய்யறவங்க மனசு உள்ளேயே மாட்டிக்காம வெளிய போக விட்ட வழி" என்று சொன்னாள் பார், அவன் இன்னும் ஆசையாகத் தடவ ஆரம்பித்துவிட்டான்.

கம்பளம் போனபின் என்ன செய்வதென்று ஒத்திகை பார்த்தோம். படுக்கை விரிப்பைக் கட்டினால், விளக்கேற்றியதும் அத்தை காபி ஊற்றுவது நிழலாகத் தெரிகிறது. நிழலைப் பார்த்தால் ஒரு கண் போகுமா, ரெண்டுமா, உனக்குத் தெரியுமா அக்கா? அந்தக் காலத்து மாமியார்கள் போல, வருவது தெரிய மணி கட்டிக்கட்டும் என்று அத்தை பாவாடையில் லொரெட்டா ஒரு ஆட்டு மணியைக் கட்டிவிட்டாள். சாயங்காலம் வாசலில் மணி கேட்டதும் கண்ணை இறுக மூடி, சுவர்ப் பக்கம் திரும்பி, மரியாதையாக ஒதுங்கி நின்றேன். மணி பக்கத்தில் வந்து நின்றதே தவிர போகிற வழியாக இல்லை. கடைசியில் லொரெட்டா வந்து, "கிடாய்க்கு எதுக்குய்யா இவ்வளவு மரியாதை?" என்கிறாள்.

எனக்குப் பயமாயிருக்கிறது அக்கா, உன்னிடம் மறைப்பதற்கு என்ன. வெள்ளிக்கிழமைக்குள் வந்து அவளிடம் ரெண்டு வார்த்தை பேசு, நீ சொன்னால் கேட்பாள்.

நீயும் அத்தானும் நடக்கிற பாதையெல்லாம் அழகாக இருக்கட்டும்.

அன்புத் தம்பி,
லெலாண்ட் எட்சிட்டி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் அந்தப் பக்கத்திலிருந்து அத்தை குரல் கேட்டது. "மாப்பிள்ளைக்கு வழுக்கை உச்சி வரைக்கும் ஏறிடுச்சுடி. இன்னும் நாக்கைத் துருத்திக்கிட்டுத்தான் எழுதறாரு."

கண்ணை மூடிக்கொண்டு போய்க் கம்பளத்தைத் தடவிப் பார்த்தேன். அந்த வெள்ளை இழைக்குப் பக்கத்திலேயே பூச்சி அரித்த ஓட்டை, விரல் நுழைகிறது. அத்தையோ இன்றைக்கும் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்கிறாங்க. நீ வர வேண்டாம் அக்கா. "அப்ப வித்துடலாமாம்மா?" என்று லொரெட்டா கேட்டதற்கு அத்தை சொன்னாங்க: "வித்துடு. இத்தனை நாள் பாத்தாச்சு, இனிமே அங்க பாக்கறதுக்கு என்ன இருக்கு?"