எழுத்தை நிற்க வைத்த போர்டுக்காரர்

நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்து கோணலாக வரும், பாதி மறந்தும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் போர்டுக்காரரைப் பற்றி யாராவது எழுதியே ஆக வேண்டும். காஞ்சிபுரத்தில் கோபுரத்தை நிமிர்ந்து பார்க்கிறவர்கள் ஆயிரம் பேர். நிமிர்ந்து பார்க்கிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டு நின்ற மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

ரயில்வே ஸ்டேஷனில் எந்த ரயில், எந்த பிளாட்பாரம் என்று விளக்கெழுத்து ஓடுகிறதே, அந்தப் போர்டு எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானித்துக் கொடுப்பது அவர் வேலை. எங்கள் எதிர்வீட்டு மாடியில் குடிவந்த வாரமே, கட்டில் நீளத்துக்கு ஒரு போர்டைக் கைப்பிடிச் சுவரில் கட்டித் தொங்கவிட்டார். அதற்கப்புறம் பெயரை யார் கேட்கப் போகிறார்கள்?

பால் வாங்கப் போன என்னை நிறுத்தினார்.

"அம்மா, அதைக் கொஞ்சம் படிங்க."

நான் எழுத்துக்கூட்டி ஆரம்பித்தேன். 'சென்னை கடற்கரை செல்லும்' வரை வந்தேன். அதற்குள் வரி ஓடிப்போய் இந்தி வந்துவிட்டது.

"போயிடுச்சுப்பா" என்றேன், வெட்கமாக.

பக்கத்து வீட்டு லோகாம்மா விடுவாளா? "இன்னா சார், உன் ரயில விட எழுத்து வேகமா ஓடுது?"

அவருக்கோ லாட்டரி விழுந்த மாதிரி சந்தோஷம். "நீங்கதாம்மா எனக்கு வேணும்" என்று என்னைக் கும்பிட்டார்.

அன்றிலிருந்து தெருவே அவருக்கு ஸ்டேஷன். தலையில் மூட்டையோடு படி என்பார், இடுப்பில் குழந்தையோடு ஓடிக்கொண்டே படி என்பார். வயதானவர்களுக்கு எப்படித் தெரியும் என்று பார்க்க என் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, போர்டைப் பார்த்தபடியே நடந்து, இட்லிமாவு சைக்கிளில் மோதினார். மாவுக்காரரும் அவரும் வெள்ளை வெளேரென்று தரையில் கிடக்கிறார்கள். எழுந்திருக்கக்கூட இல்லை, இவர் கேட்கிறார்: "அண்ணே, விழும்போது பிளாட்பாரம் நம்பர் தெரிஞ்சுதா?"

அவர் கவலை எனக்குத் தெரியும். ஒருநாள் சொன்னார். "கம்பெனியில இன்னொருத்தர் போர்டும் இருக்குதும்மா. பெரியவர் வந்து பார்த்து ஒண்ணைத்தான் எடுப்பாரு. என்னுது தேறலன்னா என்னை வேலைய விட்டு அனுப்பிடுவாங்க."

இந்த நேரத்தில் பங்குனி உற்சவம் வந்தது. சாமி எங்கள் தெருவுக்கு வரும் சாயங்காலம். இவ்வளவு கூட்டம் எங்கே கிடைக்கும் என்று போர்டுக்காரர் போர்டை ஓடவிட்டார். ரயில் பெயர் சரசரவென்று ஓடி மறைந்தது. ஓரத்தில் சிவப்பாக 'தாமதம்' மட்டும் அசையாமல் நின்றது.

வாசலில் எல்லோரும் சாமிக்குத்தானே காத்திருந்தோம்? தெரு முழுக்க அதைப் படித்தது.

"சாமி லேட்டாம்டி" என்று பாதிக் கோலத்தை விட்டுவிட்டு லோகாம்மா உள்ளே போனாள். "அப்ப ஒரு முழம் நெய்யலாம்" என்று அவள் வீட்டுக்காரர் தறிக்குழியில் காலை விட்டார். தேங்காய்த் தட்டெல்லாம் உள்ளே போய்விட்டது. அப்போது பார்த்து முனையில் நாதஸ்வரம். ரிஷப வாகனத்தில் சாமி ஜம்மென்று வருகிறார், தெருவில் ஒரு தட்டு இல்லை. தீப்பெட்டி தேடி ஓடுகிறவர்கள், ஈரத்தலையோடு ஓடுகிறவர்கள், தறியிலிருந்து எழமுடியாமல் கத்துகிற மனுஷர்.

சாமி போனபின் தெருவே திரண்டு மாடியைப் பார்த்தது. "இறங்கி வாய்யா போர்டு" என்றாள் லோகாம்மா.

இறங்கி வந்தவர் திட்டு எதையும் காதில் வாங்கவில்லை. "எல்லாருமே தாமதம்ங்கறத மட்டும்தான் படிச்சீங்களா? எந்த ரயில்னு ஒருத்தருக்குமே தெரியலயா?"

"நின்னதத்தானே படிக்க முடியும்?" என்றாள் அவள்.

அவர் அப்படியே திரும்பி மாடிக்கு ஓடினார். அடுத்த வாரமெல்லாம் போர்டில் எழுத்து ஓடவில்லை. ஒரு ரயில் வரும், நிற்கும். என் வாய் அசைவதை நிறுத்தியதும்தான் அடுத்தது வரும்.

கம்பெனிப் பெரியவர் எங்கள் தெருவுக்கே வந்தார். "ஒரே வரி இவ்ளோ நேரம் நின்னா, மத்த ரயிலெல்லாம் எப்போ காட்டுறது?" என்றார்.

"படிக்கறதுக்குள்ள போயிட்டா, எத்தினி ரயில் காட்டி இன்னா சார்?" என்ற போர்டுக்காரர் என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நாலு பேர் முன்னால் நான் வாய்விட்டுப் படித்ததே இல்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். "முந்தானையை எடுங்கம்மா, சாருக்கு வாய் தெரியணும்" என்கிறார் இந்த மனுஷர்.

முதலில் கம்பெனியில் இருந்த அந்த இன்னொருத்தர் போர்டின் வேகத்தில் ஓடவிட்டார். பாதியில் ஓடிப்போனது. அடுத்து அவருடையது. எழுத்துக்கூட்டினேன், ஒரு இடத்தில் தடுக்கியது, திரும்பப் படித்தேன். 'இரண்டாவது நடைமேடை' என்று முடித்து நிமிர்ந்தால், வரி அங்கேயே நிற்கிறது. சந்தோஷத்தில் இன்னொரு தரமும் படித்துவிட்டேன்.

பெரியவர் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதே வேகம் இருக்கட்டும்யா" என்றார்.

வேலை நிலைத்தது, ஆனால் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போதும் நடுத்தெருவில் என்னைக் கும்பிட்டார். நான் உள்ளே ஓடிவிட்டேன்.

இதில் எதையாவது முன்பின்னாகச் சொல்லியிருப்பேன், தெரிந்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். அந்தப் போர்டை எந்த ஊரில் மாட்டினார்களோ, அதுவும் எனக்குத் தெரியாது. ரயிலுக்குப் போகிறவர்கள் யாராவது கொஞ்சம் நிமிர்ந்து பார்த்துச் சொல்லுங்கள். மெதுவாகப் படித்து முடிக்கும்வரை வரி நிற்கிறது என்றால், அவர் எங்கேயோ நன்றாக இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.